லோரன்ஸ் என்ற அப்புக்காத்து

என் தந்தை மட்டக்களப்புப் புளியந்தீவில் ஒரு பிறக்கிராசியாரிடம், அதாவது வழக்கறிஞரிடம், எழுதுவினைஞராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில், பாடசாலை விட்டதும் நான் நேரே அந்தக் கந்தோருக்குப் போய், அவருடைய வேலை முடியும்வரை விறாந்தையில் உட்கார்ந்திருப்பேன். பெரிய காணி வழக்கொன்று விளக்கத்துக்கு வரவிருக்கும் நாட்களில், உள்ளேயிருந்து பிறக்கிராசியார், "அந்த லோரன்ஸை எடுத்து வாங்க" என்று சொல்வது கேட்கும். தந்தை, "எத்தனையாவது லோரன்ஸ் ஐயா?" என்று கேட்பார். "மூன்றாவது" என்று பதில் வரும். அலுமாரியின் மேல்தட்டிலிருந்து தடித்த தோலட்டை போட்ட ஒரு புத்தகம் இறங்கும். லோரன்ஸ் என்பது ஒரு மனிதருடைய பெயர் என்பது அந்த வயதில் எனக்குத் தெரியாது. அகராதி, பஞ்சாங்கம் என்பதைப் போல அதுவும் ஒரு புத்தக வகையின் பெயர் என்றே நினைத்திருந்தேன்.

1978 நவம்பர் 23 ஆம் திகதி இரவு மட்டக்களப்பை அழித்த சூறாவளியில் அந்தக் கந்தோரின் கூரை முழுவதும் போயிற்று. புத்தகங்கள் விடியும்வரை மழையில் ஊறிக் கிடந்தன. தந்தை மறுநாள் முறிந்து கிடந்த தென்னைகளைத் தாண்டிப் போய், எடுக்கக்கூடியவற்றை எடுத்து வந்து எங்கள் முற்றத்தில் பாய் விரித்துக் காயவைத்தார். அவற்றுள் ஒட்டிப்போன பக்கங்களோடு ஒரு லோரன்ஸும் இருந்தது. அதன் முதற்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தபோதுதான், 1856 முதல் 1859 வரை இலங்கையின் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளைத் தொகுத்துப் பதிப்பித்தவரின் பெயர் சி. ஏ. லோரன்ஸ் என்று கண்டேன். அதற்கு மேல் அந்தப் பெயரைத் தேடிச் செல்லும் எண்ணம் எனக்கு அப்போது வரவில்லை.

அந்த எண்ணத்தைக் கிளப்பியவன் எங்கள் அயலில் இருக்கும், ஐரோப்பிய வழி வந்த ஒரு பறங்கியர் வீட்டுப் பையன். அவனுடைய பாட்டனார் தச்சுத் தொழிலில் கைதேர்ந்தவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அங்கிள். சென்ற ஆண்டு வகுப்பில் பேசுவதற்காக இந்தப் பையன் ஒரு தலைப்புத் தேடி என்னிடம் வந்தான். "சேர், எங்கட ஆக்கள்ல பெரிய தலைவர் எண்டு ஆராவது இருந்திருக்காங்களா?" என்று கேட்டான். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பித்தவன். தமிழ்த் தலைவர்களான இராமநாதனைப் பற்றியும் அருணாசலத்தைப் பற்றியும் எத்தனையோ பாடங்கள் நடத்தியிருக்கிறேன். அவர்களுக்கு முந்திய தலைமுறையில், வாக்குரிமை என்ற ஒன்றே இந்நாட்டில் இல்லாத காலத்தில், வரிப்பணத்துக்குக் கணக்குக் கேட்டுச் சட்டநிரூபண சபையை விட்டு எழுந்து போன ஒரு பறங்கியரைப் பற்றி ஒரு முழுப் பாடமேனும் நடத்தியதில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இதை எழுதுகிறேன்.

சாள்ஸ் அம்புறோஸ் லோரன்ஸ் 1829 ஜூலை 8 ஆம் திகதி மாத்தறையில் பிறந்தார். கொழும்பு அக்கடமி என்று அன்று அழைக்கப்பட்டு இன்று றோயல் கல்லூரியாக இருக்கும் பாடசாலையில் படித்தார். இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். மட்டக்களப்பில் நாம் பறங்கியர் என்றவுடன் நினைக்கும் மக்களும் லோரன்ஸ் பிறந்த சமூகமும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டாலும், அவர்களுக்கிடையே பெரிய இடைவெளி இருந்தது. நம் ஊர்ப் பறங்கியர் பெரும்பாலும் போர்த்துக்கேய வழி வந்த கத்தோலிக்கர். வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசி, தெருவில் தமிழ் பேசி, தச்சு, கொல்லு, தையல், அச்சு ஆகிய தொழில்களால் வாழ்ந்தவர்கள். கொழும்பு, காலி, மாத்தறைப் பகுதிகளில் இருந்த ஒல்லாந்த வழிப் பறங்கியரோ ஆங்கிலக் கல்வியைப் பற்றிக்கொண்டு, அரசாங்கக் கந்தோர்களையும் நீதிமன்றங்களையும் தங்கள் தொழிற்களமாக்கியவர்கள். அவர்களில் பலர் கைத்தொழில் செய்த பறங்கியரைத் தமக்குச் சமமாகக் கருதியதில்லை. ஆகவே லோரன்ஸ் "எங்கட ஆள்" என்று அங்கிளின் பேரன் பெருமைப்படுவதில் வரலாற்றின் கசப்பும் சிறிது கலந்திருக்கிறது. ஆனாலும் அவன் பெருமைப்படுவது சரி என்றே நினைக்கிறேன். லோரன்ஸ் தன் இனத்தாருக்காக மட்டும் பேசியவராக இருந்திருந்தால் நான் இத்தனை பக்கம் எழுதப் போவதில்லை.

அவர் வாலிபராகிய காலம் இலங்கையில் வரிகளால் கொந்தளித்த காலம். 1848 இல் பிரித்தானிய ஆளுநரான டொரிங்டன் தேசாதிபதியின் அரசாங்கம் துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி, வண்டிக்கும் வள்ளத்துக்கும் வரி என்று விதித்ததோடு, ஆண்கள் ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை செய்ய வேண்டும் அல்லது அதற்கீடாகப் பணம் கட்ட வேண்டும் என்றும் சட்டம் கொண்டு வந்தது. மாத்தளையிலும் குருநாகலிலும் மக்கள் கிளர்ந்தெழுந்தார்கள். இராணுவச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மரண தண்டனைகள் நிறைவேற்றப்பட்டன. பிரித்தானியப் பாராளுமன்றம் அதை விசாரித்தது. 1850 இல் டொரிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். அதே 1850 இல்தான், இன்னும் 21 வயது நிரம்பாத லோரன்ஸும் அவருடைய நண்பர்களும் 'யங் சிலோன்' என்ற மாத இதழைத் தொடங்கினார்கள். அக்காலத்து ஐரோப்பாவில் இளைய இத்தாலி, இளைய அயர்லாந்து என்று விடுதலை நாடிய இயக்கங்கள் பெயர் பெற்றிருந்தன. அந்தப் பெயர்களின் எதிரொலி இதில் கேட்கிறது. இதழ் நீண்ட காலம் வாழவில்லை. ஆனால் பறங்கியர் என்றோ சிங்களவர் என்றோ தமிழர் என்றோ பெயர் வைக்காமல் தீவின் பெயரையே வைத்தார்களே, அந்தத் தெரிவு எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. சபை ஆசனங்களை இனவாரியாகப் பங்கிட்டு வைத்திருந்த ஓர் ஆட்சியில், தன்னை நாட்டின் பெயரால் அழைத்துக்கொள்வதே ஓர் அரசியல் நிலைப்பாடு.

பின்னர் அவர் இங்கிலாந்துக்குச் சென்று, லண்டனின் சட்டப் பயிற்சி நிறுவனமான லிங்கன்ஸ் இன்னில் பயின்று பாரிஸ்டரானார். மட்டக்களப்பில் பழைய தலைமுறையினர் பாரிஸ்டர் என்று சொல்வது அரிது, அப்புக்காத்து என்பார்கள். அப்புக்காத்து, நொத்தாரிசு, கந்தோர் ஆகிய மூன்றும் ஒல்லாந்தர் நம் வாயில் விட்டுப்போன சொற்கள். அவர்களுடைய கோட்டை புளியந்தீவில் இருக்கிறது. அவர்களுடைய சொல் நம் பேச்சில் இருக்கிறது. அவர்களுடைய சட்டம் நம் காணி உறுதிகளில் இருக்கிறது. 1795 இல் மட்டக்களப்புக் கோட்டை பிரித்தானியரிடம் வீழ்ந்து, 1796 இல் கொழும்பும் கைமாறிய பிறகு, 1799 செப்டெம்பர் 23 ஆம் திகதிய பிரகடனத்தின் மூலம், ஒல்லாந்தர் காலத்தில் நடைமுறையில் இருந்த சட்டங்களின்படியே நீதி வழங்கப்படும் என்று ஆங்கிலேயர் அறிவித்தார்கள். அதனால் உரோமன் டச்சுச் சட்டம் இந்நாட்டின் பொதுச்சட்டமாக நிலைத்தது. ஆனால் அச்சட்டம் இருந்த நூல்கள் இலத்தீனிலும் டச்சு மொழியிலும் இருந்தன. நீதவானும் ஆங்கிலம் படித்தவர், அப்புக்காத்தும் ஆங்கிலம் படித்தவர். இருவரும் பின்பற்ற வேண்டிய சட்டமோ இருவராலும் எளிதில் வாசிக்க முடியாத மொழிகளில் இருந்தது.

லோரன்ஸ் லண்டனில் இருந்த காலத்தில் செய்த வேலை இந்த இடத்தில்தான் பொருள் பெறுகிறது. லெய்டன் பேராசிரியர் வான் டெர் கீசல், ஒல்லாந்து, சீலாந்து மாகாணங்களின் சட்டத்தைப் பற்றி இலத்தீனில் எழுதிய முடிபுகளின் தொகுதி 1800 இல் வெளிவந்தது. அதை லோரன்ஸ் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1855 இல் லண்டனில் பதிப்பித்தார். அவருக்கு அப்போது 26 வயது. அந்த வயதில் லண்டனுக்குப் போன இளைஞர் ஒருவர் தன் ஓய்வு நேரத்தை இலத்தீன் சட்ட முடிபுகளுக்குக் கொடுத்தார் என்பதை நினைக்கும்போது எனக்கு ஆழ்ந்த மரியாதை உண்டாகிறது. ஊருக்குத் திரும்பிய பிறகு அவர் தொகுத்த தீர்ப்பு அறிக்கைகளும் இதே எண்ணத்தின் தொடர்ச்சிதான். ஒரு நீதிமன்றம் இன்று சொன்னதை நாளை மறக்காமல் இருக்க வேண்டுமானால், சொன்னது அச்சில் இருக்க வேண்டும். எந்த ஊர்ப் பிறக்கிராசியும் அதை விரித்துக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 115 ஆண்டுகள் கழித்துப் புளியந்தீவுக் கந்தோர் ஒன்றில் என் தந்தை மேல்தட்டிலிருந்து இறக்கியது அந்த எண்ணத்தைத்தான்.

1856 இல் லோரன்ஸ் சட்டம் இயற்றும் சட்டநிரூபண சபையில் பறங்கியர் பிரதிநிதியானார். அந்தச் சபையின் அமைப்பை இன்றைய வாசகருக்குச் சிறிது விளக்க வேண்டும். பிரித்தானிய ஆணையாளர்களான கோல்புறூக்கும் கமரனும் அளித்த சிபாரிசுகளின் மேல் 1833 இல் உருவான அச்சபையில் அரசாங்க உத்தியோகத்தர்கள் 9 பேர். உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் 6 பேர். அந்த அறுவரில் ஐரோப்பியர் மூவர், சிங்களவர் ஒருவர், தமிழர் ஒருவர், பறங்கியர் ஒருவர். யாரையும் யாரும் தெரிவு செய்யவில்லை, தேசாதிபதியே நியமித்தார். யாழ்ப்பாணம் முதல் பொத்துவில் வரையுள்ள தமிழர் எல்லோருக்கும் அந்த ஒற்றைத் தமிழரே பிரதிநிதி. முஸ்லிம்களுக்கு 1889 வரை தனிப் பிரதிநிதி கிடையாது. சம்மாந்துறை வயற்காரருக்கோ மண்முனையில் பெருவயல் வைத்திருந்த போடியாருக்கோ தன் பெயரால் யார் அங்கே பேசுகிறார் என்பதே தெரிந்திருக்காது.

ஆறு பேர் எதைச் சொன்னாலும் ஒன்பது பேர் கை தூக்கினால் முடிந்தது. இத்தகைய சபையில் ஒரு நல்ல பேச்சாளர் செய்யக்கூடியது என்ன? இக்கேள்வியைப் பல நாள் யோசித்த பின், லோரன்ஸின் வாழ்க்கை முழுவதையும் இதற்கான விடையாகவே நான் வாசிக்கிறேன். சபைக்குள்ளே தோற்கும் வாதம் சபைக்கு வெளியே வெல்ல வேண்டும் என்பதே அவர் கண்ட வழி. 1859 இல் அவரும் நண்பர்களும் சேர்ந்து 'சிலோன் எக்ஸாமினர்' பத்திரிகையை விலைக்கு வாங்கினார்கள். இலங்கையரின் கைக்கு வந்த முதல் ஆங்கிலப் பத்திரிகை அது. அதுவரை பத்திரிகைகள் ஐரோப்பிய வணிகர்களுடைய, தோட்டக்காரர்களுடைய நலன்களைப் பேசின. அரசாங்கத்தை விமர்சித்தபோதும் அந்த விமர்சனம் அவர்களுடைய பக்கத்திலிருந்தே எழுந்தது. சபையில் ஒன்பதுக்கு ஆறு என்று தோற்ற வாதத்தை மக்கள் முன் மறுபடி வைக்கும் இடம் ஒன்று இப்போது இலங்கையர் கையில் வந்தது. லோரன்ஸ் நகைச்சுவையோடு எழுதுவார், கேலிச்சித்திரம் வரைவார், பாட்டுக் கட்டுவார் என்றும் அறிகிறோம். அவையெல்லாம் அவருடைய நண்பர்களை மகிழ்வித்தன. எனக்கோ அவர் பத்திரிகையை வாங்கிய செயல், அவருடைய மற்றத் திறமைகள் அனைத்திலும் மேலானதாகத் தெரிகிறது.

1864 இல் நடந்தது அவருடைய அரசியல் வாழ்வின் உச்சம். இலங்கையில் நிறுத்தப்பட்டிருந்த பிரித்தானியப் படையின் செலவை இலங்கை வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டும் என்று லண்டன் வற்புறுத்தியது. எவ்வளவு என்பதையும் லண்டனே முடிவு செய்யும்; சபையில் உள்ள உத்தியோகத்தர் ஒன்பது பேரும் கை தூக்கி அதைச் சட்டமாக்குவார்கள். தீவின் பணம் தீவின் சபையால் ஆராயப்பட்டுச் செலவிடப்பட வேண்டும் என்று உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர்கள் கேட்டார்கள். கேட்டது நடக்காதபோது, அந்த ஆண்டு நவம்பரில், ஒன்றுசேர்ந்து பதவி துறந்தார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ஜோர்ஜ் வோல் என்ற ஐரோப்பிய வணிகர்; அவரோடு லோரன்ஸும் வெளியேறினார். அடுத்த ஆண்டு, 1865 இல், 'சிலோன் லீக்' என்ற அமைப்பு உருவாயிற்று. வரவு செலவின் மேல் சபைக்கு அதிகாரம் வேண்டும், சபையில் உத்தியோகப்பற்றற்றவர்களுக்குப் பெரும்பான்மை வேண்டும் என்பன அதன் கோரிக்கைகள்.

அதே வேளையில் எதிர்ப்பக்கத்து ஆசனத்தில் இருந்தவர் யார் என்று பார்த்தால், லோரன்ஸின் தெரிவு இன்னும் தெளிவாகும். லோரன்ஸுக்கு முன் பறங்கியர் பிரதிநிதியாக இருந்து, மிகுந்த திறமையோடு வாதாடிய ரிச்சர்ட் மோர்கன், 1863 இல் இராணியின் அப்புக்காத்து என்னும் பதவியை ஏற்றிருந்தார். அது அரசாங்கத்தின் சட்டத் தலைமைப் பதவி. அதை வகிப்பவர் சபையில் அரசாங்கப் பக்கத்திலேயே அமர்வார். மோர்கன் பின்னர் 1874 இல் சேர் பட்டமும் பெற்றார். அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை; ஓர் இலங்கையர் அந்த இடத்துக்கு உயர்ந்ததே அன்றைக்குப் பெரிய காரியம். ஆயினும் ஒரே சமூகத்தில், ஒரே தொழிலில், ஏறத்தாழ ஒரே திறமையோடு இருந்த இருவரில் ஒருவர் அரசாங்கத்துக்கு உள்ளேயும் மற்றவர் வெளியேயும் நின்றார்கள் என்பதை எண்ணும்போது, வெளியே நின்றவரின் பக்கமே என் மனம் சாய்கிறது. கொடுக்கப்பட்ட நாற்காலியை விட்டு எழுந்து போவதற்கு, அதில் அமர்வதற்கு வேண்டியதைவிட அதிகமான மனவுறுதி வேண்டும்.

இராணுவச் செலவு என்றால் அது கொழும்புக்காரரின் பிரச்சினை என்று இங்குள்ளவர்கள் நினைக்கலாம். அன்றைய மட்டக்களப்பு மாவட்டம், 1961 இல் பிரிக்கப்பட்ட அம்பாறையையும் சேர்த்து, நெல்லால் வாழ்ந்த நிலம். விளைந்ததில் பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு தானிய வரியாக அரசாங்கத்துக்குப் போயிற்று. அதை அறவிடும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்தவர்கள் களத்துமேட்டுக்கே வந்து நிற்பார்கள். 1892 இல் அதை ஒழிக்க முடிவெடுக்கப்படும்வரை அந்த வரி தொடர்ந்தது. வார்ட் தேசாதிபதியின் காலத்தில் 1856 இன் நீர்ப்பாசனச் சட்டமும், அதையொட்டி இறக்காமம், அம்பாறைக் குளங்களின் திருத்த வேலைகளும் இப்பகுதிக்கு நன்மை செய்தன என்பது உண்மை. வயற்காரரின் வழமைகளுக்குச் சட்டத்தில் இடம் கொடுத்த அச்சட்டத்தை நான் பாராட்டவே செய்வேன். எனினும், எந்தக் குளத்துக்கு எவ்வளவு, எந்தப் படைக்கு எவ்வளவு என்பதை முடிவு செய்தவர்கள் அந்த வரியைக் கொடுத்தவர்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்களாக இருக்கவில்லை. நல்ல தேசாதிபதி வந்தால் குளம் கட்டப்படும். அவர் போய்விட்டால் பணம் எங்கே போகும் என்று கேட்க ஆளில்லை. 1864 இல் எழுந்து போனவர்கள் கேட்டது இந்தக் கேள்வியைத்தான். இறக்காமத்தில் வரப்பில் நின்றவருக்கும் அந்தக் கேள்வியில் பங்கிருந்தது.

அவர்களுடைய தாராளவாதத்துக்கு எல்லைகளும் இருந்தன. அதை மறைத்து எழுதுவது லோரன்ஸுக்கு நான் செய்யும் மரியாதையாகாது. சிலோன் லீக்கின் பலம் கோப்பித் தோட்டக்காரர்களிடமும் வணிகர்களிடமும் இருந்தது. அரசாங்கப் பணம் படைக்குப் போகாமல் வீதிக்கும் புகையிரதப் பாதைக்கும் போக வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சொந்த நலன் உண்டு. அந்தப் பாதை 1867 இல் கண்டியை எட்டியது, மட்டக்களப்பை எட்டியதோ 1928 இல்தான். வயற்காரருக்கு வாக்குரிமை வேண்டும் என்று அவர்கள் கேட்கவில்லை. படித்தவர்களும் பொருளுள்ளவர்களும் பேசினால் மற்றவர்களுக்கும் நன்மை கிடைக்கும் என்ற நம்பிக்கையே பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாராளவாதிகள் பலரிடமும் இருந்தது. லோரன்ஸும் அந்தக் காலத்தின் மனிதரே. ஆனால் ஒரு கொள்கையை முதலில் சொன்னவருக்கு அதன் முழு நீளமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. வரி கொடுப்பவன் கணக்குக் கேட்கலாம் என்று ஒருமுறை ஒப்புக்கொண்டால், அந்த வரிசையில் தோட்டக்காரருக்குப் பின்னால் வயற்காரரும் வந்து நிற்பார். அதைத் தடுக்க முடியாது.

லீக் சில ஆண்டுகளில் வலுவிழந்தது. லோரன்ஸ் 1871 ஆகஸ்ட் 9 ஆம் திகதி காலமானார். அப்போது அவருக்கு 42 வயது.

அவர் இறந்து ஐந்து ஆண்டுகளில் நடந்த ஒன்று மட்டக்களப்பை நேரடியாகத் தொட்டது. லோரன்ஸின் வேலையின் அருமையை நான் முழுமையாக உணர்ந்தது அதை நினைத்தபோதுதான். இப்பகுதியில் பரம்பரைச் சொத்துக்கென்று முக்குவர் சட்டம் என்ற தனி வழமை இருந்தது. முதுசம் என்னும் பரம்பரைச் சொத்து தாய்வழியில், சகோதரியின் பிள்ளைகளுக்குச் செல்லும். தான் உழைத்துச் சேர்த்த தேடியதேட்டத்துக்கு வேறு விதி. தாய்வழிக் குலப்பிரிவான குடி முறையோடும் கோயில் உரிமைகளோடும் பின்னிப் பிணைந்த வழமை அது. ஆனால் யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒல்லாந்தர் காலத்திலேயே, 1707 இல், எழுத்தில் பதியப்பட்டதைப் போலவோ, முஸ்லிம்களின் வழமைகள் 1806 இல் தொகுத்து வெளியிடப்பட்டதைப் போலவோ, முக்குவர் சட்டம் அரசாங்கத்தால் நூலாக்கப்படவில்லை. அது முதியவர்களின் சாட்சியத்திலும் நீதிமன்றங்களின் சிதறிய தீர்ப்புகளிலும் மட்டும் இருந்தது. 1876 இன் 15 ஆம் இலக்கத் திருமண உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டம் வந்தபோது கண்டியருக்கும் முஸ்லிம்களுக்கும் தேசவழமைக்கு உட்பட்ட தமிழருக்கும் விலக்கு இருந்தது, மட்டக்களப்பாருக்கு இருக்கவில்லை. அத்தோடு முக்குவர் சட்டம் நீதிமன்றத்தில் உயிரிழந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்ற தமிழ்ச் சட்டத்தரணி அந்த விதிகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டதும் அதே 1876 இல்தான். நூல் கைக்கு வந்த ஆண்டில் சட்டம் கைவிட்டுப் போயிற்று.

அந்தச் சட்டம் நிலைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. புதிய சட்டம் கணவனை இழந்த பெண்ணுக்கும் மனைவியை இழந்த ஆணுக்கும் மற்றவரின் சொத்தில் அரைப் பங்கு கொடுத்தது. அதில் ஒரு நியாயம் உண்டு. இன்றும் நம் ஊரில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்கே போகின்றன. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வருகிறார். சட்டம் எடுத்ததை வழக்கம் வேறு வழியில் காப்பாற்றிக்கொண்டது. நான் சொல்ல வருவது வேறு. ஒல்லாந்தின் சட்டம் இந்நாட்டில் உயிரோடிருக்க ஒரு காரணம், அதை இலத்தீனிலிருந்து எடுத்து எல்லோரும் வாசிக்கக் கொடுக்க ஓர் இருபத்தாறு வயது இளைஞர் இருந்தார் என்பது. நம்முடைய வழமைக்கு அப்படி ஒருவர், தக்க காலத்தில், இருக்கவில்லை. புளியந்தீவுக் கந்தோரில் "லோரன்ஸை எடுத்து வாங்க" என்று சொன்னதைப் போல, முதுசத்தைப் பற்றிய நம் ஊர்ச் சட்டத்துக்கு ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லிக் கேட்கும் நிலை ஒரு போதும் ஏற்படவில்லை.

லோரன்ஸ் தமிழருக்கு அந்நியரும் அல்லர். அவர் சபையில் இருந்த காலத்தில்தான், முதலாவது தமிழ்ப் பிரதிநிதியின் மகனான முத்துக்குமாரசுவாமி 1863 இல் அதே லிங்கன்ஸ் இன்னில் பாரிஸ்டரானார். கிறிஸ்தவரோ யூதரோ அல்லாத ஒருவர் இங்கிலாந்தின் அப்புக்காத்துகளில் ஒருவராக ஏற்கப்பட்டது அதுவே முதல் தடவை. அவர் வழி வந்த இராமநாதன், அருணாசலம் தலைமுறை கேட்டவற்றின் வேர், 1864 இல் எழுந்து போனவர்களிடத்தில் இருக்கிறது. லோரன்ஸும் நண்பர்களும் கேட்ட உத்தியோகப்பற்றற்ற பெரும்பான்மை 1920 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில்தான் கிடைத்தது. அவர் இறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. அந்தச் சீர்திருத்தம் மன்னிங் தேசாதிபதியின் பெயரால் அறியப்படுகிறது. அவருடைய மனைவியின் பெயரை 1924 இல் கட்டப்பட்ட நம் கல்லடிப் பாலம் தாங்கியிருக்கிறது. 2013 இல் பக்கத்தில் புதிய பாலம் வரும்வரை நாள்தோறும் அதைக் கடந்த நமக்கு லேடி மன்னிங் பாலம் தெரியும். மன்னிங் காலத்தில் கிடைத்ததை 56 ஆண்டுகளுக்கு முன்பே கேட்டவரைத் தெரியாது. எல்லோருக்கும் வாக்குரிமை 1931 இல் வந்தது. அப்போதுதான் இறக்காமத்து வயற்காரர் வரிசையின் முன்னால் வந்து நின்றார்.

இவற்றில் ஒரு பகுதியை மூன்று மாலைகளில் அங்கிளின் பேரனுக்குச் சொன்னேன். அவன் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டான். மழையில் ஊறிய லோரன்ஸ் புத்தகத்தைக் காட்டியபோது, ஒட்டிப்போன பக்கங்களை அங்கிள் தன் மெல்லிய உளியால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தந்தார். ஒரு பக்கமும் கிழியவில்லை. "வழக்குப் பேசுற ஆள் இவ்வளவும் எழுதினவரா சேர்?" என்று கேட்டார். "எழுதித்தான் அங்கிள் வழக்குப் பேசினவர்" என்றேன்.

வகுப்பில் பேசுவதற்கு முதல் நாள், பையன் தன் அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். மேலே லோரன்ஸின் பெயரும் 1829 - 1871 என்ற ஆண்டுகளும் இருந்தன. கீழே பாரிஸ்டர் என்று முதலில் எழுதி, அதை வெட்டிவிட்டு, அப்புக்காத்து என்று எழுதியிருந்தான். ஏன் மாற்றினாய் என்று கேட்டேன். "அப்பப்பாதான் மாத்தச் சொன்னவர் சேர். அதுதான் எங்கட சொல்லாம்" என்றான்.